தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட இணையம்: நைரோபி வழியை மாற்றியது எப்படி?

2000-ம் ஆண்டு. கென்யாவின் தலைநகர் நைரோபி. ஒரே தெருவில் இரண்டு அலுவலகங்கள். ஒன்று ஒரு இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர், மற்றொன்று வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர். முதல் அலுவலகத்திலிருந்து எதிர் அலுவலகத்துக்கு ஓர் இமெயில் அனுப்பினால், அது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இறங்கும். அங்கே ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். மறுபடியும் செயற்கைக்கோள் ஏறி நைரோபிக்குத் திரும்பும். நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்!

இது ஏதோ பழுது இல்லை. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் இணையம் இப்படித்தான் ஓடியது. இதை மாற்ற ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அறை, அதில் ஒரு ஸ்விட்ச், போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார ஒரு மனசு. ஆனால் அந்த அறையைத் திறந்து வைத்திருக்கவே கென்யா ஒரு வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

கடலடி கேபிள் வந்தால் இணையம் வேகமாகிவிடும், டேட்டா விலை குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறது நைரோபியின் கதை.

பக்கத்து வீட்டுக்குப் போக ஏன் வெளிநாடு?

இணையம் என்பது ஒரே பெரிய வலை இல்லை. ஆயிரக்கணக்கான தனித்தனி நெட்வொர்க்குகளின் தொகுப்பு. மொபைல் நிறுவனம், பிராட்பேண்ட் நிறுவனம், பல்கலைக்கழகம், வங்கி, கூகுள் மாதிரியான பெரிய நிறுவனங்கள் என ஒவ்வொன்றும் தனி நெட்வொர்க். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 'இந்த முகவரிகள் எல்லாம் என் வழியாக வரும்' என்று ஒரு நெட்வொர்க் மற்றொன்றுக்கு அறிவிக்கும். இந்த அறிவிப்புகளுக்கான பொது மொழிதான் பி.ஜி.பி. இந்த அறிவிப்புகளைப் பார்த்துத்தான் ரவுட்டர்கள் டேட்டாவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்கின்றன.

இரண்டு நெட்வொர்க்குகள் இணைவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள்.

முதல் வழி, டிரான்ஸிட். ஒரு பெரிய நெட்வொர்க்குக்குக் காசு கொடுத்தால், அது உங்கள் டேட்டாவை உலகின் எந்த மூலைக்கும் கொண்டு சேர்க்கும்.

இரண்டாவது வழி, பீரிங். ஏறக்குறைய சமமான இரண்டு நெட்வொர்க்குகள் நேரடியாகக் கைகோர்க்கும். 'உன் வாடிக்கையாளருக்கு என்னிடமிருந்து போவதை நான் உன்னிடம் நேராகத் தருகிறேன், நீயும் அப்படியே தா' என்ற ஒப்பந்தம். பெரும்பாலும் இதில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் காசு கேட்பதில்லை.

நைரோபியின் நிறுவனங்களுக்கிடையே இரண்டாவது வழியே இல்லை. எல்லோரும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் டிரான்ஸிட் வாங்கினார்கள். ரவுட்டர் தனக்குத் தெரிந்த வழியில்தானே அனுப்பும்? எதிர்த் தெருவுக்கு நேர்வழி இருப்பதாக அதற்கு யாரும் சொல்லவில்லை. அதனால் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் பார்சல் லண்டன் போய்த் திரும்புகிற கதையானது.

இரண்டு பக்கமும் யார் காசு?

சுற்றிப் போவதால் நேரம் மட்டும் வீணாகவில்லை. போகும்போது செயற்கைக்கோள் இணைப்புக்கு டாலரில் கட்டணம். திரும்பி வரும்போதும் கட்டணம். கென்யர் ஒருவர் இன்னொரு கென்யருக்கு அனுப்பும் செய்திக்காக, அந்நியச் செலாவணி நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

இன்னொரு அநியாயமும் இருந்தது. தொலைபேசி உலகில், இரு நாடுகளுக்கு இடையிலான அழைப்பின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. இணையத்தில் அது கிடையாது. ஆப்பிரிக்க நிறுவனம்தான் அமெரிக்கா வரைக்குமான இணைப்பின் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் இருப்பவர் ஆப்பிரிக்கருக்கு மெயில் அனுப்பும்போதும் அதே இணைப்புதான் பயன்படுகிறது. அதற்கு அவர் பக்கத்திலிருந்து பைசா வராது.

ஆப்பிரிக்க இணையச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு 2002 அக்டோபரில் 'பாதி வழி முன்மொழிவு' என்ற பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஏழை நாடுகளின் நிறுவனங்கள் பணக்கார நாடுகளுக்குத் தலைகீழ் மானியம் கொடுக்கின்றன என்பதுதான் அதன் குற்றச்சாட்டு. அந்த அறிக்கை சும்மா புலம்பலோடு நிற்கவில்லை. பணக்கார நாடுகள் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம், முதலில் நம் ஊர் டேட்டாவை நம் ஊரிலேயே மாற்றிக்கொள்வோம் என்றும் சொன்னது. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பரிமாற்ற மையம், பிறகு நாடுகளுக்கு இடையே இணைப்பு. அதுதான் திட்டம்.

அந்த அறைக்குள் என்னதான் இருக்கிறது?

இணையப் பரிமாற்ற மையம், அதாவது ஐ.எக்ஸ்.பி., பேரைக் கேட்டால் பெரிய கட்டடம் மாதிரித் தோன்றும். அடிப்படையில் அது ஒரு பாதுகாப்பான அறை. தடையில்லா மின்சாரம், ஏ.சி., நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். அவ்வளவுதான்.

ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் அலுவலகத்திலிருந்து இந்த அறைக்கு ஓர் இணைப்பை இழுத்து ஸ்விட்சில் செருகும். பத்து நிறுவனங்கள் ஒன்றோடு ஒன்று தனித்தனியாக இணைய வேண்டுமானால் 45 இணைப்புகள் வேண்டும். இங்கே ஆளுக்கு ஒன்று, மொத்தம் பத்தே பத்து. சந்தை மாதிரி. ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு கடைக்கும் அலைய வேண்டாம், எல்லோரும் ஓரிடத்துக்கு வந்தால் போதும்.

சந்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இடம் யாருடைய சொந்தமாகவும் இருக்கக் கூடாது, இருந்தாலும் யார் பக்கமும் சாயக் கூடாது. போட்டியாளரின் வீட்டுக்குள் போய் யாரும் கடை போட மாட்டார்கள். அதனால்தான் உலகின் பல பரிமாற்ற மையங்களை லாப நோக்கமில்லாத சங்கங்கள் நடத்துகின்றன. கென்யாவில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது டெஸ்பாக் என்கிற சேவை நிறுவனங்களின் சங்கம்.

இரண்டே வாரத்தில் பூட்டு

2000 நவம்பர் இறுதியில் கென்யா இணையப் பரிமாற்ற மையம் நைரோபியில் தொடங்கியது. தெற்கே ஜோகன்னஸ்பர்க்கில் 1996-லேயே ஒரு மையம் வந்துவிட்டது. ஆனால் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வடக்கே கெய்ரோவுக்கும் இடையில் இதுதான் முதல் மையம்.

உடனே புகார் போனது. புகார் கொடுத்தது டெல்காம் கென்யா. அப்போது அரசின் கையில் இருந்த தொலைத்தொடர்பு நிறுவனம். நாட்டிலிருந்து வெளியே போகும் டேட்டாவைக் கையாளும் ஏகபோக உரிமை அதற்கு மட்டுமே. 'ஜம்போநெட்' என்ற அதன் சர்வதேச இணைப்பு வழியாகத்தான் மற்ற நிறுவனங்கள் வெளியுலகைத் தொட முடியும். புதிய மையம் தன் ஏகபோக உரிமையை மீறுகிறது என்பது அதன் வாதம்.

நிதானமாக யோசித்தால் இந்த வாதத்தின் விசித்திரம் புரியும். பரிமாற்ற மையம் வெளிநாட்டுக்கு எதையும் அனுப்பவே இல்லை. உள்ளூர் டேட்டா உள்ளூரிலேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் ஒரே வேலை. ஆனால் சுற்றுவழியில் வருமானம் பார்ப்பவருக்கு நேர்வழி நஷ்டம்தானே?

கென்யா தகவல்தொடர்பு ஆணையம் இரண்டு வாரங்களுக்குள் தீர்ப்பைச் சொன்னது. மையத்துக்கு உரிமம் இல்லை, எனவே சட்டவிரோதம், மூடுங்கள். மூடினார்கள். எதிர் அலுவலகத்துக்கான இமெயில் மறுபடியும் விண்வெளிக்குக் கிளம்பியது.

அடுத்த ஏறக்குறைய ஒரு வருடம் நடந்த போராட்டத்தில் கோடு எழுதியவர்கள் யாரும் இல்லை. சட்ட வாதம், பத்திரிகைகள் வழியாக அழுத்தம், ஆணையத்துடன் திரைமறைவுப் பேச்சு. 'இது பொதுச் சேவை அல்ல, உறுப்பினர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு' என்று நிறுவனங்கள் வாதாடின. கடைசியில் 2001 நவம்பரில் மையத்துக்கு உரிமம் கிடைத்தது. 2002 பிப்ரவரியில், ஐந்து நிறுவனங்களோடு, அறை மறுபடி திறந்தது. 2004-ல் டெல்காம் கென்யாவின் ஏகபோக காலம் முடிந்தது. எதிர்த்த அதே நிறுவனமும் பின்னர் வந்து அதே ஸ்விட்சில் இணைந்துகொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஒரு வருடத்தில் தொழில்நுட்பம் எதுவும் மாறவில்லை. ஸ்விட்ச் அதேதான், கேபிள் அதேதான். மாறியது ஒரு கையெழுத்து மட்டும்.

மில்லிசெகண்டில் என்ன இருக்கிறது?

செயற்கைக்கோள் வழியாகப் போய்த் திரும்பும்போது, உள்ளூர்ச் செய்திக்கே ஆயிரம் மில்லிசெகண்டுக்கு மேல் ஆனது. அதாவது ஒரு செகண்ட்டுக்கும் அதிகம். ஒளியின் வேகத்தில் போனாலும் அந்தத் தூரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். பரிமாற்ற மையம் வந்த பிறகு அது நூறுக்கும் கீழே இறங்கியது. பிறகு நைரோபிக்குள் ஃபைபர் இணைப்புகள் பெருக, இன்னும் குறைந்தது. 2012-ல் இன்டர்நெட் சொசைட்டி வெளியிட்ட ஆய்வின்படி, மையம் இல்லாவிட்டால் 200 முதல் 600 மில்லிசெகண்ட் வரை ஆகியிருக்கும் பயணம், மையத்தின் வழியாக 2 முதல் 10 மில்லிசெகண்டில் முடிந்தது.

'அரை செகண்ட்தானே, அதனால் என்ன?' என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு வலைப்பக்கம் திறக்க உங்கள் போனும் சர்வரும் ஒருமுறை மட்டும் பேசுவதில்லை. முகவரி கேட்பது, பாதுகாப்பான இணைப்பை உறுதி செய்வது, எழுத்து, படம், ஸ்க்ரிப்ட் என்று பலமுறை போய் வர வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து முறை போய் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 600 மில்லிசெகண்ட் என்றால் ஆறு செகண்ட். ஒவ்வொன்றும் 5 மில்லிசெகண்ட் என்றால் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவு. பேமென்ட் பக்கம் பாதியில் நிற்பதற்கும் சட்டென்று முடிவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதன் பலன் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. கென்யாவின் வருவாய் ஆணையம் பரிமாற்ற மையத்தில் இணைந்தது. வரி தாக்கல், சுங்க ஆவணங்கள் ஆன்லைனுக்கு வந்தபோது, அந்த டேட்டா நாட்டுக்குள்ளேயே சுற்றியது. துறைமுகத்தில் சரக்கை எடுக்கக் காத்திருக்கும் வியாபாரிக்கு, சர்வர் பதில் சொல்வது ஒருநாள் வாடகையை மிச்சப்படுத்தும் விஷயம்.

காசுக் கணக்கும் உண்டு. அதே 2012 ஆய்வு, கென்யாவின் நிறுவனங்கள் சர்வதேச இணைப்புச் செலவில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர் மிச்சப்படுத்துவதாக மதிப்பிட்டது. 2020-ல் வந்த தொடர் ஆய்வில் அது 60 லட்சம் டாலராக உயர்ந்திருந்தது.

கேபிள் வந்தாச்சே, இன்னும் எதற்கு மையம்?

2009-ல் சீகாம், டீம்ஸ் ஆகிய கடலடி கேபிள்கள் கென்யாவின் மொம்பாசா கரையைத் தொட்டன. அடுத்த வருடம் ஈஸ்ஸி கேபிள் வந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இது உண்மையிலேயே திருப்புமுனை. ரிப்பன் வெட்டினார்கள், தலைவர்கள் பேசினார்கள். 'இனி எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை இயல்புதான்.

ஆனால் கேபிள் என்பது வெளியே போகும் பெரிய சாலை. ஊருக்குள் தெருவே இல்லாவிட்டால், அந்தப் பெரிய சாலை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்குப் போகிறவரையும் வெளியூருக்கு வேகமாகக் கூட்டிப்போய், வேகமாகத் திருப்பிக் கொண்டுவரும். மொம்பாசாவிலிருந்து செங்கடல் வழியாக ஐரோப்பா போய்த் திரும்ப, ஒளிக்கே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். கேபிளின் வாடகையும் சும்மா வராது.

கென்யாவின் அதிர்ஷ்டம், கேபிள் வரும் முன்பே ஏழு வருடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சந்தை அங்கே இருந்தது. நிறுவனங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். பொறியாளர்களுக்குக் கைவந்த வேலை. அதனால் கேபிளில் வந்த புதிய கொள்ளளவு உள்ளூர் டேட்டாவைச் சுமந்து வீணாகாமல், வெளிநாட்டுத் தேவைக்கே பயன்பட்டது. எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியம்.

சந்தையில் சரக்கு வேண்டாமா?

சந்தைக் கட்டடம் மட்டும் இருந்து சரக்கு இல்லாவிட்டால் யார் வருவார்கள்? பரிமாற்ற மையங்கள் சந்தித்த அடுத்த சிக்கல் இதுதான். மக்கள் பார்ப்பது யூடியூப், ஃபேஸ்புக், வெளிநாட்டில் ஹோஸ்ட் செய்யப்பட்ட வலைத்தளங்கள். அவை எல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தால், உள்ளூர் ஸ்விட்ச் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

இதற்கு ருவாண்டா நல்ல உதாரணம். தலைநகர் கிகாலியில் பரிமாற்ற மையம் 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் 2015-ல் வெளியான இன்டர்நெட் சொசைட்டியின் ஆய்வு, ருவாண்டாவின் சொந்த வலைத்தளங்களே பெரும்பாலும் வெளிநாட்டு சர்வர்களில் இருந்ததைக் காட்டியது. காரணம் எளிது, வெளிநாட்டு ஹோஸ்டிங் மலிவு. வலைத்தளம் நடத்துபவருக்கு லாபம். ஆனால் அந்தத் தளத்தைப் பார்க்கும் ஒவ்வொரு ருவாண்டா வாடிக்கையாளருக்காகவும், அங்குள்ள இணைய நிறுவனம் சர்வதேசக் கட்டணம் கட்டுகிறது. ஒருவர் மிச்சம் பிடிப்பது இன்னொருவர் தலையில் விழுகிறது.

பெரிய நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி கேஷ். அதிகம் பார்க்கப்படும் வீடியோவின் நகலை அந்தந்த நாட்டு சர்வரிலேயே வைத்துவிடுவது. ஒருமுறை கடல் தாண்டி வந்தால் போதும், பிறகு லட்சம் பேர் பார்த்தாலும் உள்ளூரிலிருந்தே போகும். நைரோபியிலும் லாகோஸிலும் இப்படிக் கேஷ் சர்வர்கள் வந்தன. அவை வரக் காரணம், இணைவதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது என்பதுதான்.

விளைவு? 2020 ஆய்வின்படி கென்யா, நைஜீரியா இரண்டிலும், உள்ளூரிலிருந்தே கிடைக்கும் டேட்டாவின் பங்கு எட்டு வருடத்தில் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. கென்ய மையத்தின் உச்ச அளவு விநாடிக்கு 1 ஜிகாபிட்டிலிருந்து 19 ஜிகாபிட் ஆனது. நைஜீரிய மையம் 300 மெகாபிட்டிலிருந்து 125 ஜிகாபிட்டுக்குத் தாவியது. நைஜீரியாவில் ஆண்டு மிச்சம் 10 லட்சம் டாலரிலிருந்து 4 கோடி டாலர் ஆனது.

இதில் யார் பெரியவர் என்ற போட்டி வேண்டாம். நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடியாகப் போட்டுக்கொள்ளும் இணைப்புகளும், நெட்வொர்க்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ்களும் மையத்தின் ஸ்விட்ச் கணக்கில் வராது. முக்கியமான எண் அந்த 70 சதவீதம்தான்.

பார்டர் தாண்டினால் பழைய கதை

நாட்டுக்குள் ஓரளவு சரியாகிவிட்டது. ஆனால் நாடுகளுக்கு இடையே?

2014-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க வீடுகளில் ரவுட்டர்களை வைத்து டேட்டா போகும் பாதையை அளந்தது. கண்டத்துக்குள்ளேயே முடிய வேண்டிய பல பயணங்கள் ஐரோப்பாவைச் சுற்றி வந்தன. காரணம் கேபிள் பற்றாக்குறை மட்டும் இல்லை. நிறுவனங்கள் ஒரே பரிமாற்ற மையத்துக்கு வரவில்லை, வந்தாலும் ஒருவரோடு ஒருவர் பீரிங் செய்யவில்லை. அதாவது 2000-ல் நைரோபித் தெருவில் இருந்த அதே சிக்கல், இப்போது கண்டத்தின் அளவில்.

இதைத் தீர்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடல் வழியாக ஐரோப்பாவுக்கு டேட்டா அனுப்பப் போட்டி அதிகம், விலை குறைவு. பக்கத்து நாட்டுக்குத் தரை வழியாக அனுப்ப இரண்டு நாட்டு உரிமம், இரண்டு ஒழுங்குமுறை ஆணையம், எல்லையில் கேபிளை ஒப்படைக்க ஓர் ஏற்பாடு என்று ஏகப்பட்ட படிகள். பல இடங்களில் பக்கத்து நாட்டைவிட லண்டனுக்குப் போவதுதான் மலிவு. எந்த நிறுவனமும் தேசபக்திக்காக நஷ்டத்தில் டேட்டா அனுப்பாது.

ஆப்பிரிக்க யூனியன் இதைப் புரிந்துகொண்டு, நாடுகளில் பரிமாற்ற மையம் அமைக்கவும் அவற்றைப் பிராந்திய அளவில் வளர்க்கவும் 'ஆக்சிஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. 2010-ல் நைரோபியில் தொடங்கிய ஆப்பிரிக்க பீரிங் மாநாடு, 2020-க்குள் 80 சதவீத டேட்டா உள்ளூரிலேயே பரிமாறப்பட வேண்டும் என்ற இலக்கை முன்வைத்தது. முன்னோடிகளான கென்யாவும் நைஜீரியாவும் அந்த ஆண்டில் தொட்டது 70.

இலக்கு ஏன் அவசரம் என்பதை 2024 காட்டியது. மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே கடலடியில் ஏற்பட்ட பாதிப்பில், மேற்கு ஆப்பிரிக்காவின் நான்கு கேபிள்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. மே 12 அன்று ஈஸ்ஸி, சீகாம் கேபிள்கள் துண்டிக்கப்பட, கிழக்கு ஆப்பிரிக்கா தடுமாறியது. இப்படிப்பட்ட நாளில், உள்ளூர் சர்வரில் இருக்கும் வங்கியும் மருத்துவமனையும் உள்ளூர் மையத்தின் வழியாகத் தொடர்ந்து பேசிக்கொள்ள முடியும். அடுத்த நாட்டை நோக்கித் தரை வழியில் ஒரு கதவு இருந்தால், அங்கிருந்து மாற்றுக் கேபிளைப் பிடிக்க முடியும். அந்தக் கதவு இல்லாதவர் பழுதுபார்க்கும் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்வர் உள்ளூரில் இருந்தாலும், அதன் பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டி.என்.எஸ். வெளிநாட்டில் இருந்தால் தளம் திறக்காது. லாகின் சரிபார்ப்பு வெளிநாட்டில் நடந்தாலும் அதே கதிதான். அதனால்தான் டி.என்.எஸ். ரூட் சர்வர்களின் நகல்களும் நைரோபிக்கு வந்தன. உலக டி.என்.எஸ். அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான், தான் நடத்தும் ரூட் சர்வரின் ஆப்பிரிக்கத் தொகுப்புக்கு முதலில் தேர்ந்தெடுத்த நாடு கென்யா. சங்கிலியின் எல்லாக் கண்ணியும் உள்ளூரில் இருந்தால்தான் 'உள்ளூர் இணையம்' என்ற சொல்லுக்கு அர்த்தம்.

சென்னைக்கும் ஒரு கண்ணாடி

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம். இந்தியாவும் இதே பாதையில் வந்ததுதான். உள்நாட்டு டேட்டா வெளிநாடு போய்த் திரும்புவதைத் தடுக்க 2003-ல் நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் ஆரம்பகால மையங்களில் சென்னையும் ஒன்று.

அங்கேயும் ஸ்விட்சைவிட விதிதான் பேசுபொருளானது. டேட்டாவைக் கேட்டுப் பெறும் நிறுவனம், அனுப்பும் நிறுவனத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற முறை நிக்ஸியில் நீண்ட காலம் இருந்தது. வாடிக்கையாளர்கள் அதிகம் உள்ள நிறுவனத்துக்கு, அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் செலவாகும் என்றால், அது எதற்கு ஆர்வத்தோடு உள்ளே வரும்? பிறகு தனியார் மையங்களும் சென்னையில் வந்தன, போட்டி பிறந்தது. பூட்டு போட்டாலும் சரி, கட்டணம் போட்டாலும் சரி, சந்தைக்குள் வரத் தயக்கம் உண்டாக்கும் விதி சந்தையைச் சுருக்கிவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

நைரோபியின் கதையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, பரிமாற்ற மையத்தைத் தொலைபேசி நிறுவனம் போல நடத்த வேண்டாம். அதற்கு ஏகபோகக் காலத்து உரிமச் சட்டங்கள் பொருந்தாது. எளிய பதிவு போதும். 2000-ல் நடந்த இரண்டு வாரத் தவறைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கான விலையைச் சாதாரண வாடிக்கையாளர்கள் கொடுத்தார்கள்.

இரண்டு, அரசு முதலில் உள்ளே வர வேண்டும். வரி, சுங்கம், தேர்வு முடிவு, நில ஆவணம் என்று மக்கள் வேறு வழியில்லாமல் பயன்படுத்தும் தளங்கள் அரசிடம்தான் உள்ளன. அவை உள்ளூரில் ஹோஸ்ட் ஆகி மையத்தில் இணைந்தால், மற்றவர்கள் தானாக வருவார்கள். ஆனால் மையத்தின் சாவி அரசின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. எல்லா வயர்களும் ஓரிடத்தில் சேர்ந்தால், அந்த இடத்தில் கை வைப்பதும் சுலபம். நடுநிலையான நிர்வாகமும் ஒன்றுக்கு மேற்பட்ட மையங்களும் அதற்காகத்தான்.

மூன்று, அடுத்த கடலடி கேபிளுக்குக் கையெழுத்துப் போடும் முன், பக்கத்து நாட்டுக்குத் தரை வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லை தாண்டும் இணைப்புக்கான உரிமக் கட்டணத்தைக் குறைப்பது, ஒரு புதிய கேபிளின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வர வேண்டியது பணம் அல்ல, இரண்டு ஆணையங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம்.

ரிப்பன் வெட்ட ஸ்விட்ச் தோதான பொருள் இல்லைதான். போட்டோவில் அழகாகவும் வராது. ஆனால் கென்யாவில் ஐந்து நிறுவனங்கள் ஓர் அறையில் ஆளுக்கொரு வயரைச் செருகியதும், எதிர்த் தெருவுக்கான இமெயில் எதிர்த் தெரு வழியாகவே போகத் தொடங்கியது. கம்பாலாவுக்கும் கிகாலிக்கும் போக வேண்டியதற்கும் அதே நியாயம்தான். யார் முதலில் வயரைச் செருகுவது என்பது மட்டும்தான் மிச்சம்.